அனிமேசன் படமும் சினிமாதானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் படக்காட்சி முடிந்து கதிரை அடுக்கும் நேரத்திலும், சித்திர வகுப்புகளிலும், பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோரிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். முதலில் அடிப்படையானவை, போகப் போகச் சிக்கலானவை.

கார்ட்டூன், அனிமேசன், பொம்மைப்படம் எல்லாம் ஒண்டுதானே?

அனிமேசன் ஒரு செய்முறை. கண்முன் நடப்பதைக் கமராவை ஓடவிட்டுப் பிடிக்காமல், ஒவ்வொரு பிரேமையும் (அசையாத ஒற்றைப் படத்தையும்) தனித்தனியே உண்டாக்கி, வரிசையாக ஓட்டி அசைவை வரவழைப்பது. தாளில் கீறலாம், கண்ணாடியில் மணலைப் பரப்பலாம், களிமண் உருவத்தை இம்மியிம்மியாக நகர்த்திப் படமெடுக்கலாம், கணினியில் உருவத்தைக் கட்டி அசைக்கலாம். கார்ட்டூன் இதற்குள் ஒரு பாணி மட்டுமே: மிகைப்படுத்திய உருவம், வேகமான நகைச்சுவை, பெரும்பாலும் குறைந்த நேரம்.

இன்று பார்க்கக் கிடைக்கும் மிகப் பழைய முழுநீள அனிமேசன் படம் 1926இல் ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் செய்த ‘இளவரசர் அஹமதின் சாகசங்கள்’. கறுப்பு மட்டையில் வெட்டிய உருவங்களை, கீழிருந்து ஒளி பாய்ச்சிய கண்ணாடியில் வைத்து நகர்த்திப் படமாக்கினார். தோற்பாவை நிழற்கூத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அழகு உடனே பிடிபடும். டிஸ்னியின் முதல் முழுநீளப் படம் அதற்கு 11 ஆண்டுகள் கழித்து, 1937இல்தான் வந்தது.

அது சின்னப்பிள்ளையளின்ர படம்தானே? பெரியாக்களுக்கு அதில என்ன இருக்கு?

1988 ஏப்ரலில் ஜப்பானில் ஜிப்லி என்ற அனிமேசன் நிறுவனத்தின் இரண்டு படங்கள் ஒரே காட்சியில் அடுத்தடுத்துத் திரையிடப்பட்டன. ஒன்று ‘மை நெய்பர் டொட்டோரோ’: இரண்டு சிறுமிகளும் ஒரு காட்டுத் தேவதையும். மற்றது ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்’: 1945இல் கோபே நகரின்மேல் தீக்குண்டு விழுந்த பிறகு, தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பட்டினியில் சாகும் கதை. நிறுவனமும் ஒன்று, செய்முறையும் ஒன்று. முதலாவதை ஐந்து வயதுப் பிள்ளையோடு இருந்து பார்க்கலாம். இரண்டாவது இடப்பெயர்வையும் பங்கர் வாழ்க்கையையும் கண்ட பெரியவர்களையே உலுக்கிவிடும்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கீறின படம்தானே என்று பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். வயதுத் தரத்தைப் பாருங்கள். முடிந்தால் முதலில் நீங்கள் பாருங்கள். அனிமேசனைப் பிள்ளைகளுக்கே உரியது என்று ஒதுக்குவதால் முதலில் பாதிக்கப்படுவதும் பிள்ளைகள்தான்.

அப்ப ஏன் எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடியே நினைக்கினம்?

எங்கள் ஆட்கள் மட்டும் அல்ல. அமெரிக்காவில் ஒரு காலம் பெரிய படத்துக்கு முன்னால் எல்லா வயதினருக்குமாகக் குறுங்கார்ட்டூன்கள் திரையில் ஓடின. தியேட்டர்கள் அவற்றைக் கைவிட, 1960களில் அவை சனிக்கிழமைக் காலைத் தொலைக்காட்சிக்கு, பிள்ளைகளின் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தொலைக்காட்சிக்குக் காசு குறைவு. உடம்பை அசையாமல் நிறுத்தி வாயை மட்டும் அசைப்பது, ஒரே பின்னணியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது என்ற சிக்கன வழிகள் அப்போது வழக்கமாயின.

தமிழில் 2007இல் சுட்டி டிவி வந்தபோது டப்பிங் செய்த தொடர்களே பெரும்பாலும் வீட்டுக்குள் வந்தன. ஒரு தலைமுறைக்கு அனிமேசன் என்றால் அதுதான். அதைவிடப் பெரிய காரணம் எழுத்தில் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. தமிழ்ச் சினிமாப் பக்கங்கள் நடிகரைச் சுற்றி எழுதப்படுகின்றன. நடிகர் முகம் இல்லாத படத்தைப் பற்றி எங்கே தொடங்குவது என்று எழுதுபவருக்குத் தெரிவதில்லை. அதனால் அந்தப் படம் எழுதப்படாமலே போய்விடுகிறது.

நடிகரே இல்லாத படத்தில நடிப்பு எங்க இருந்து வரும்?

கீறுபவரிடமிருந்து. அனிமேற்றர் முதலில் அந்த அசைவைத் தானே நடித்து, கண்ணாடியிலோ வீடியோவிலோ பார்த்து, பிறகு கீறுகிறார். வாளித் தண்ணீரைத் தூக்கும் ஒருவரைக் கீறுவதென்றால், கை உயருமுன் தோள் எவ்வளவு இறங்குகிறது, மற்றக் கை எந்தப் பக்கம் விரிகிறது, எந்தக் காலில் பாரம் நிற்கிறது என்பதையெல்லாம் முடிவெடுக்க வேண்டும். இதில் ஒன்று பிழைத்தாலும் வாளி காற்றடைத்த பந்துபோல் தெரியும்.

அசையாமல் இருப்பதும் நடிப்புத்தான். கையால் கீறிய உருவத்தை இரண்டு விநாடி அப்படியே நிறுத்தினாலும் கண் ஏற்றுக்கொள்ளும். கணினி முப்பரிமாண உருவத்தை அப்படி நிறுத்தினால் உயிர் போனதுபோல் ஆகிவிடும். அதனால் மூச்சு, கண்மணியின் சிறு நகர்வு, தலையின் மெல்லிய சாய்வு என்று ஏதோ ஒன்றைத் தொடர்ந்து ஓடவிடுவார்கள். நல்ல படத்தில் கதாபாத்திரம் யோசிப்பதற்கும் பேசுவதற்கும் இடையில் கண் எப்போது நகர்கிறது என்று கவனியுங்கள். அங்கேதான் நடிப்பின் தரம் தெரியும்.

கமராவும் இல்லை, லைற்றும் இல்லை. அப்ப ஒளிப்பதிவு எண்டு என்னத்தைச் சொல்லுறது?

களிமண், பொம்மைப் படங்களில் உண்மையான கமராவும் விளக்கும் இருக்கின்றன. கணினிப் படத்தில் கமரா கணக்கால் ஆனது. லென்ஸின் தூரம், குவியத்தின் ஆழம், விளக்கின் திசை எல்லாவற்றையும் யாரோ ஒருவர் தெரிவு செய்தே ஆகவேண்டும். 2008இல் வந்த ‘வோல்-ஈ’ படத்துக்கு ரொஜர் டீக்கின்ஸ் என்ற பெயர்பெற்ற ஒளிப்பதிவாளரை ஆலோசகராக அழைத்ததும் அதற்காகத்தான்.

நடிகர் படத்தில் தற்செயலாக ஒரு காகம் பிரேமுக்குள் பறந்து போகலாம். அனிமேசனில் காகம் பறந்தால், அதைப் பறக்கவிட்ட ஆள் இருக்கிறார். பிரேமுக்குள் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்கலாம்.

ஒரு நிமிசத்துக்கு எத்தினை படம் கீறோணும்?

திரையில் விநாடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. ஒரு கீறலை இரண்டு பிரேமுக்குப் பிடித்தால் விநாடிக்கு 12 கீறல், நிமிடத்துக்கு 720. மூன்று பிரேமுக்குப் பிடித்தால் விநாடிக்கு 8, நிமிடத்துக்கு 480. ஜப்பானியத் தொடர்களில் இது சாதாரணம். ஒரே பிரேமில் இரண்டு உருவங்கள் தனித்தனியாக அசைந்தால் எண்ணிக்கை இரட்டிக்கும்.

எண்ணிக்கை கூடினால் தரம் கூடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: இன்டு த ஸ்பைடர்-வேர்ஸ்’ படத்தில், புதிதாகச் சக்தி பெற்ற பையன் விநாடிக்கு 12 நிலைகளில் அசைகிறான், அனுபவசாலியோ அவனுக்குப் பக்கத்திலேயே 24 நிலைகளில் வழுக்கிப் பாய்கிறார். பையனின் தடுமாற்றத்தை வசனத்தில் சொல்லாமல் பிரேம் கணக்கிலேயே காட்டிவிட்டார்கள்.

இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்யினம். அந்த உழைப்புக்காகவாவது மதிக்க வேண்டாமோ?

உழைப்புக்கு நியாயமான கூலியும் திரையில் பெயரும் கொடுக்க வேண்டும். படத்தை மதிப்பது வேறு விசயம். ஓவியர் வான்கோவின் சாவை விசாரிக்கும், 2017இல் வந்த ‘லவ்விங் வின்சென்ட்’ படத்தின் ஏறத்தாழ 65,000 பிரேம்களும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டப்பட்டவை. நூற்றுக்கு மேற்பட்ட ஓவியர்கள் வேலை செய்தார்கள். அந்த எண்ணிக்கை ஆச்சரியம் தரும். ஆனால் கதை எங்கே தொய்கிறது, விசாரணை எங்கே இழுபடுகிறது என்ற கேள்விகளுக்கு அது பதில் ஆகாது.

அனிமேசனை நேசிப்பவர்களே அதிகம் செய்யும் பிழை, ‘பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறார்கள்’ என்று சலுகை கேட்பது. சலுகை கேட்ட இடத்தில் மரியாதை வராது. திரைக்கதை சொத்தை என்றால் சொத்தை என்று சொல்லுங்கள். நடிகர் படத்திடம் கேட்பதை எல்லாம் இதனிடமும் கேட்பதுதான் உண்மையான மரியாதை.

ஒஸ்காரில தனி விருதே குடுக்கினமே. அது மரியாதை இல்லையோ?

பாதி மரியாதை. குறும் அனிமேசனுக்கு 1932 முதலே ஒஸ்கார் இருக்கிறது. முழுநீளத்துக்குத் தனிப் பிரிவு 2001ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. முதல் விருது ‘ஷ்ரெக்’ படத்துக்கு. தனிப் பிரிவு வந்ததால் சிறிய நாடுகளின் படங்கள் உலகக் கண்ணில் பட்டன. அதேவேளை, ‘உங்களுக்குத்தான் வேறு விருது இருக்கிறதே’ என்று பிரதான பட்டியலுக்கு வெளியே நிறுத்தவும் அது வசதியாகிவிட்டது. சிறந்த படத்துக்கான பட்டியலில் இடம்பிடித்த அனிமேசன் படங்கள் மூன்றுதான்: 1991இன் ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’, 2009இன் ‘அப்’, 2010இன் ‘டோய் ஸ்டோரி 3’. பின்னிரண்டும் அந்தப் பட்டியலைப் பத்துப் படங்களாக விரித்த ஆண்டுகளில் வந்தவை.

ஐரோப்பிய விழாக்கள் இதில் முந்திக்கொண்டன. 2002இல் பெர்லின் விழாவின் முதற்பரிசான தங்கக் கரடியை ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ நடிகர் படங்களோடு போட்டியிட்டு, இன்னொரு படத்தோடு பகிர்ந்து வென்றது. தனி விருதுகளை விட இந்த வெற்றியே கனமானது என்று நினைக்கிறோம்.

‘கோச்சடையான்’ அனிமேசனோ, நடிகர் படமோ?

2014இல் வந்த அந்தப் படம் மோசன் கப்சர் முறையில் எடுக்கப்பட்டது. நடிகரின் உடம்பில் அடையாளங்களைப் பொருத்தி, சுற்றியிருக்கும் கமராக்களால் அசைவைத் தரவாகப் பதிந்து, கணினி உருவத்தில் ஏற்றுவார்கள். ஒஸ்கார் விதிப்படி மோசன் கப்சர் மட்டும் அனிமேசன் ஆகாது. பிரேம் பிரேமாகச் செய்த வேலை இருக்க வேண்டும், படத்தின் நேரத்தில் குறைந்தது 75 வீதம் அனிமேசனாக இருக்க வேண்டும்.

நடைமுறையில் பதிந்த தரவு அப்படியே பயன்படாது. பாதம் தரையில் வழுக்கும், கை இடுப்புக்குள் புகுந்துவிடும். அனிமேற்றர்கள் கையால் திருத்தியே ஆகவேண்டும். அதிகம் கைவிடுவது கண். உடம்பு மனிதரைப்போல் அசைந்து, கண்மணி மட்டும் ஓரிடத்தில் குத்திட்டு நின்றால் பார்ப்பவருக்கு ஒருவித ஒவ்வாமை வரும். இம்முறையில் எடுத்த படத்தைப் பார்க்கும்போது முதலில் கண்ணையும் பாதத்தையும் பாருங்கள். திருத்த வேலைக்குப் போதிய காலம் கிடைத்ததா என்பது அங்கே தெரிந்துவிடும்.

கீறின படம் எப்பிடி ஆவணப்படமாகும்? கீறுறவர் தான் நினைச்சதைத்தானே கீறுவார்?

கமராக்காரரும் தான் நினைத்த பக்கம்தான் கமராவைத் திருப்புகிறார். ஆனாலும் இது நியாயமான கேள்வி. நல்ல இயக்குநர்கள் இதற்குப் படத்துக்குள்ளேயே பதில் வைக்கிறார்கள். 2021இல் வந்த டென்மார்க் படம் ‘ஃபிளீ’, ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பிவந்த ஒருவரின் வாக்குமூலம். குரல் அவருடையது. பெயரும் முகமும் மறைக்கப்பட வேண்டியிருந்ததால் கீறினார்கள். அது ஆவணப்படம், அனிமேசன், சர்வதேசப் படம் ஆகிய மூன்று ஒஸ்கார் பிரிவுகளிலும் பரிந்துரை பெற்றது. 2008இன் ‘வோல்ட்ஸ் வித் பஷீர்’, 1982 லெபனான் போரில் இருந்த ஒரு சிப்பாயின் தொலைந்த நினைவுகளைத் தேடுகிறது. நினைவைப் படமெடுக்கக் கமரா கிடையாது. ஆனால் இறுதியில் கீறல் நின்று, படுகொலைக்குப் பிறகு எடுத்த உண்மையான செய்திக் காட்சிகள் வருகின்றன. எது நினைவு, எது சான்று என்ற எல்லையை இயக்குநரே போட்டுக் காட்டுகிறார்.

இந்தக் கேள்வி யாழ்ப்பாணத்துக்கு மிக நெருக்கமானது. 1995 இடப்பெயர்வில் நடந்துபோன குடும்பங்களில் எத்தனை பேரிடம் அந்த இரவின் ஒரு புகைப்படமாவது இருக்கிறது? பலருக்கு இன்றும் முகம் காட்டிப் பேச விருப்பம் இல்லை. இப்படிப்பட்ட கதைகளுக்கு அனிமேசனை விடப் பொருத்தமான வழி குறைவு.

செய்ய விரும்புபவர்கள் சிலவற்றைக் கட்டாயம் கவனியுங்கள். ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். வேண்டாம் என்றால் எந்தக் கட்டம்வரை விலகலாம் என்பதையும் அதில் எழுதுங்கள். முகத்தை மாற்றிவிட்டு வீட்டுக் கேற்றையும் பள்ளிக்கூட ரையையும் அப்படியே கீறினால் ஊரே ஆளைக் கண்டுபிடிக்கும். குரலே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்றால் வேறொருவரைப் பேசவைத்து, அதைப் படத்தின் தொடக்கத்தில் சொல்லுங்கள். ‘கஷ்டப்பட்டு வந்தோம்’ என்பதை மட்டும் வைத்துக் கீற முடியாது. சைக்கிள் கரியரில் என்ன கட்டியிருந்தது, காலில் செருப்பு இருந்ததா, எந்த விளக்கு, மழையா என்று கேளுங்கள். வண்ணம் போடுமுன் வரைவைச் சொன்னவரிடம் காட்டுங்கள்.

தமிழில ஏன் நல்ல அனிமேசன் படங்கள் குறைவு? எங்களிட்ட கீறத் தெரிஞ்ச ஆக்கள் இல்லையோ?

கீறத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். குறைவது முன்கூட்டியே முடிவெடுக்கும் பழக்கம். நடிகர் படத்தில் தேவைக்கு மேல் எடுத்து, பிறகு வெட்டலாம். அனிமேசனில் வெட்டப்போகும் ஒரு நிமிடம் 720 கீறல் வீண். அதனால் காட்சிகளைக் கட்டம் கட்டமாக ஸ்டோரிபோர்ட்டில் கீறி, அந்தக் கீறல்களைத் தற்காலிகக் குரலோடு வீடியோவாக ஓட்டும் அனிமற்றிக் செய்து, முழுப் படத்தையும் பருமட்டான வரைவாக ஓட்டிப் பார்த்துவிட்டே கீறத் தொடங்குவார்கள். படப்பிடிப்புத் தளத்தில் வசனம் எழுதும் வழக்கத்துக்கு இது நேரெதிர். முதல் போடுபவரும் பல மாதங்களுக்குக் காட்ட எதுவும் இல்லாமல் காத்திருக்க வேண்டும்.

முடியாத காரியம் அல்ல. இந்தியாவில் கீதாஞ்சலி ராவ் பிரேம் பிரேமாகத் தீட்டவைத்த ‘பொம்பே ரோஸ்’ 2019இல் வெனிஸ் விழாவின் விமர்சகர் வாரம் என்ற பிரிவைத் தொடக்கிவைத்தது. 2023இல் ‘கஜமன்’ என்ற முழுநீள முப்பரிமாணப் படம் சிங்களத்தில் திரைக்கு வந்தது.

டப்பிங்கில பாக்கிறதோ, சப்டைட்டிலோட பாக்கிறதோ?

அமெரிக்கப் படங்களில் குரலை முதலில் பதிந்து, அதைக் கேட்டுத்தான் வாயசைவையும் முகத்தையும் செய்கிறார்கள். அங்கே மூலக்குரல் நடிப்பின் அடித்தளம். ஜப்பானில் பெரும்பாலும் அசைவு முடிந்த பிறகே குரல் பதிவார்கள். ஆகவே நல்ல டப்பிங் ஜப்பானியப் படத்தைக் குறைவாகவே பாதிக்கும்.

தமிழ்ச் சப்டைட்டில் போடுபவர்கள் இரண்டு வரிக்கு மேல் போகவேண்டாம். வரிக்கு 35 முதல் 40 எழுத்து போதும். கோப்பை, தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பதியும் யூடிஎஃப்-8 குறிமுறையில் சேமியுங்கள். அப்படியும் சில பிளேயர்களில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுக் கழன்று நிற்கும். காட்சிக்கு முதல்நாளே அதே லப்டொப்பில், அதே பிளேயரில் போட்டுப் பாருங்கள். சரிவராவிட்டால் எழுத்துகளைப் படத்தோடு பதித்த பிரதியைத் தயாரியுங்கள்.

சனசமூக நிலையத்தில போட்டால் பெரியாக்கள் எழும்பிப் போயினம். என்ன செய்யிறது?

முதலில் நோட்டீஸைப் பாருங்கள். ‘சிறுவர் திரைப்படம்’ என்ற தலைப்பிலோ பலூன் படத்தோடோ அடித்திருந்தால் போகத்தான் செய்வார்கள். கதையை எழுதுங்கள்: போரில் தனித்துப்போன அண்ணனும் தங்கையும், நாட்டை விட்டு ஓடிய ஒருவரின் வாக்குமூலம். 80, 90 நிமிடப் படத்துக்கு முன் 5 முதல் 10 நிமிடக் குறும்படம் ஒன்றைப் போடுங்கள்; கண் பழகிவிடும்.

பெரிய தொலைக்காட்சியில் போடுவதென்றால் மெனுவில் மோசன் ஸ்மூதிங்கை நிறுத்துங்கள். பெயர் கம்பனிக்குக் கம்பனி மாறும். அது பிரேம்களுக்கு இடையில் இல்லாத பிரேமைத் தானே செருகி, மேலே சொன்ன 12 கீறல் கணக்கைக் கெடுத்து, கோடுகளின் ஓரத்தில் பிசிறு உண்டாக்கும். புறஜெக்டர் என்றால் இருட்டிய பிறகே தொடங்குங்கள். திருவிழாவுக்குக் கட்டும் புனல் ஒலிபெருக்கி வேண்டாம். அனிமேசனில் இலை உரசும் ஒலியைக்கூட ஒருவர் தனியாகச் செய்து சேர்த்திருக்கிறார், புனலில் அது கேட்காது. அனுமதியையும் மறக்க வேண்டாம். இணையச் சந்தாவோ வாங்கிய தட்டோ பொதுக் காட்சிக்கு உரிமை தராது. விநியோகஸ்தருக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

நாங்கள் மூண்டு பேர், ஒரு லப்டொப்தான் இருக்கு. ஏதும் செய்யலாமோ?

செய்யலாம். லற்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கிய ‘ஃப்ளோ’ 2025இல் ஒஸ்கார் வென்றது. வசனமே இல்லாத அந்தப் படத்தைச் செய்த மென்பொருள், எவரும் இலவசமாக இறக்கக்கூடிய பிளெண்டர். கீறுவதற்குக் கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ் இரண்டும் இலவசம்.

முதல் படம் இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். இரண்டு நிமிடம் 1,440 கீறல்; ஒருவர் நாளுக்கு 20 கீறினால் 72 நாள், மூவர் என்றால் 24. கணினியில் செய்தால் 2,880 பிரேம். ஒன்றை ரெண்டர் செய்ய, அதாவது கணினி இறுதிப் படமாக்க, 3 நிமிடம் ஆனால் 144 மணித்தியாலம், ஆறு முழு நாள். அதை ஒரே வீடியோவாக வெளியே எடுக்காதீர்கள். பிரேமுக்கு ஒன்றாகத் தனித்தனி பிஎன்ஜி படங்களாக எடுத்தால், இடையில் கரண்ட் போனாலும் விட்ட பிரேமிலிருந்து தொடரலாம்.

போனில் களிமண் படம் எடுப்பவர்கள் வெளிச்சம், குவியம், வெள்ளைச் சமநிலை மூன்றையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் பிரேமுக்குப் பிரேம் நிறம் துடிக்கும். யன்னலைத் துணியால் மூடுங்கள், மேகம் போகும்போது வெளிச்சம் மாறும். மேசைக் காலை நிலத்தோடு ரேப் போட்டு ஒட்டுங்கள். ஒருவர் தட்டிவிட்டால் அன்றைய வேலை முழுக்கப் போய்விடும்.

இப்ப ஏஐ எல்லாத்தையும் செய்யுமே, இனி இதுக்கு என்ன மரியாதை?

அசைவை உண்டாக்கும் கருவி மாறலாம். நடிப்பைப் பற்றிய பதிலில் சொன்ன முடிவுகளை யார் எடுத்தார் என்ற கேள்வி மாறாது. தோள் ஏன் இறங்கியது என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். வாக்குமூலப் படங்களில் இது இன்னும் கடுமை. சொன்னவர் சொல்லாத செருப்பையும் விளக்கையும் இயந்திரம் தானாகச் சேர்த்துவிட்டால் அந்தப் படம் சான்றாக நிற்காது.

குறும்படப் போட்டியில நான் நடுவர். ஒரு அனிமேசன் படமும் நடிகர் படங்களும் ஒண்டா வந்திருக்கு. எப்பிடிப் புள்ளி போடுறது?

ஒரே தாளில், ஒரே பிரிவில் போடுங்கள். ‘நடிப்பு’ என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால் அந்தப் படம் தொடக்கத்திலேயே தோற்றுவிடும். பாரம், கண், நிறுத்தம் ஆகியவற்றைப் பார்த்து அனிமேற்றருக்கு அந்தப் புள்ளியைக் கொடுங்கள். ஒளிப்பதிவுக் கட்டத்தைப் பிரேமின் அமைப்புக்கும் ஒளிக்கும் கொடுங்கள். படத்தொகுப்பைப் பார்க்கும்போது, அனிமற்றிக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். முடிவுகள் அங்கேதான் எடுக்கப்பட்டிருக்கும்.

படம் நன்றாக இல்லையென்றால் குறைந்த புள்ளியே போடுங்கள், காரணத்தையும் எழுதுங்கள். நன்றாக இருந்தால் ‘விசேட பாராட்டு’ என்று ஒரு சான்றிதழைக் கொடுத்து ஓரமாக அனுப்ப வேண்டாம். முதலிடம் அதற்கு உரியதென்றால் முதலிடத்தையே கொடுங்கள். சிறந்த இயக்குநர் பரிசுக்கும் அந்தப் பெயரைப் பரிசீலியுங்கள்.